பக்கவிளைவு இல்லை என்று யார் சொன்னது?

கார்போகரிசியை அரைத்து முகத்தில் பூசிக்கொண்டு காசிமேட்டு உச்சி வெயிலில் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு சித்த மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். தோல் வெந்து கொப்புளம் போடும் என்பார். அந்த விதையிலுள்ள சோராலென் தோலை வெயிலுக்கு இலக்காக்குகிறது. வெண்புள்ளிக்கு நம் வைத்தியர்கள் காலங்காலமாக அதைப் பயன்படுத்தியது இந்தக் குணத்தை நம்பித்தான். 1970களில் அமெரிக்க மருத்துவர்கள் சோரியாசிஸ் நோயாளிகளுக்குச் சோராலென் மாத்திரையைக் கொடுத்துப் புற ஊதா விளக்கின் முன்னே நிறுத்தியதும் அதே குணத்துக்காகத்தான். அந்தக் கார்போகரிசி இன்று குளியல் பொடியிலும் நலங்கு மாவிலும் சேர்கிறது. பொட்டலத்தின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது? 'நூறு சதவீதம் இயற்கை, பக்கவிளைவு இல்லை.'

இந்த வாசகத்தோடுதான் என் சண்டை.

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, முகம் சிவந்து எரிகிறது என்று யார் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றேதான். "உடம்புச் சூடுக்கா அது. கத்தாழை தடவு, மோர் குடி, மஞ்சளும் சந்தனமும் கொழைச்சுப் போடு. இங்கிலீஷ் மருந்துப் பக்கம் மட்டும் போயிடாத." பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைப் பத்திரிகையின் அழகுக் குறிப்புப் பக்கமும் சொல்கிறது, டிவியில் காலை நிகழ்ச்சியும் சொல்கிறது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இதில் இல்லை. நம்பிக்கையின் சாரம் இதுதான்: முகச்சிவப்பு ஒரு நோயே இல்லை, சூடு. சூட்டுக்குக் குளிர்ச்சி மருந்து. குளிர்ச்சி தருவது செடியும் கொடியும். செடி கொடியால் கெடுதல் வராது.

இதில் கடைசி வாக்கியம் பொய். முதல் வாக்கியம் பாதிப் பொய். நடுவில் இருப்பதில் கொஞ்சம் உண்மை உண்டு.

இந்த முகச்சிவப்பு ரோசேசியா என்ற நோயாக இருக்கலாம். அது பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. கன்னம், மூக்கு, நெற்றி, மோவாய் இந்த இடங்களில் திடீர் திடீரென்று ரத்தம் பாய்ந்து முகம் கொதிக்கும். வந்து போய்க்கொண்டிருந்த சிவப்பு நாளடைவில் போகாமல் தங்கிவிடும். மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரியும். பருவைப் போலக் கட்டிகள் வரும், ஆனால் பருவில் இருக்கும் கரும்புள்ளி இருக்காது. சிலருக்குக் கண் உறுத்தும், இமையோரம் அழற்சி கண்டு அடிக்கடி கண்கட்டி வரும். ஆண்கள் சிலருக்கு மூக்குத் தடித்துப் புடைத்துவிடும். ஒரு சொட்டு சாராயம் தொடாதவருக்கும் ஊர் 'குடிகார மூக்கு' என்று பட்டம் கட்டிவிடுவது தனிக் கொடுமை.

இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது என்று மருத்துவர்களே வெகுகாலம் நினைத்தார்கள். பாடப்புத்தகப் படங்களெல்லாம் அயர்லாந்து முகங்கள். இன்று உலகெங்கும் தோல் மருத்துவர்கள் நிறத்தை வகைப்படுத்தப் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல்கூட 1975இல் உருவானபோது வெள்ளைத் தோலுக்கு மட்டுமானது. மாநிறமும் கறுப்பும் பிறகுதான் சேர்க்கப்பட்டன. மாநிற முகத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. செம்பு நிறமாகவோ, கருத்துப்போன திட்டாகவோ தெரியும். அதனால் கண்ணில் படுவதை வைத்து முடிவு செய்யும் எல்லோரும் தவறவிடுகிறார்கள். எரிச்சல், சூடு, சோப்புப் பட்டால் குத்துவது இவைதான் நம் தோலில் துப்பு. 'உடம்புச் சூடு' என்று பாட்டி சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அறிகுறியைச் சரியாகத்தான் பிடித்தாள். அதற்கு மேல் அவளை இழுத்து மருந்துக் கடை நடத்தியது நாம்.

இயற்கை வைத்தியத்தை நம்புகிறவர்கள் முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் பயப்படுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தின் பெயர் ஸ்டீராய்டு ட்யூப்.

முகத்தில் தடிப்பு என்று மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றால், சீட்டு கேட்காமல் ஒரு சின்ன ட்யூப் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் எத்தனை காலமாக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பூசிய இரண்டாம் நாள் சிவப்பு வெளுக்கும். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அவ்வளவுதான். முகம் பளிச்சென்று ஆனதும் அக்காவுக்கும் தங்கைக்கும் அதே ட்யூப் போகும். மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, குழாய்கள் நிரந்தரமாக விரிந்து, முகத்தில் முடி முளைத்து, பரு வெடிக்கும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள். பார்ப்பதற்கு ரோசேசியா போலவே இருக்கும், ஆனால் உண்டாக்கியது மருந்து.

2011இல் இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஊர்களில் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று வெளியானது. முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரைப் பார்த்ததில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அதில் 257 பேருக்கு அதைச் சிபாரிசு செய்தவர் மருத்துவரே இல்லை. 126 பேர் அதைச் சிவப்பழகு கிரீமாகவோ, சும்மா பூசும் கிரீமாகவோ, சவரம் செய்தபின் தடவவோ பயன்படுத்தினார்கள். பூசியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பாதிப்பு இருந்தது. 2018 மார்ச்சில்தான் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. அதுவரை 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று போட்டால் விதிவிலக்கு. சட்டம் வந்தது, கவுன்ட்டரில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

இப்படிச் சூடுபட்ட பெண் 'கெமிக்கலே வேண்டாம்' என்று கற்றாழைக்கு வருவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்து நடப்பதைக் கவனிக்க வேண்டும். ட்யூபை நிறுத்திவிட்டுக் கற்றாழை தடவ ஆரம்பிக்கிறாள். முதலில் முகம் பயங்கரமாகச் சிவக்கிறது. அது ஸ்டீராய்டை நிறுத்தியதால் வரும் எதிர்வினை. அவளுக்குச் சொல்லப்படுவது: 'உள்ளே இருந்த நஞ்சு வெளியேறுது, நல்லதுதான், விடாம போடு.' சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் தோல் தானே தேறுகிறது. புகழ் முழுவதும் கற்றாழைக்கு. தேறவில்லையா? பத்தியம் சரியில்லை, நடுவில் கருவாடு சாப்பிட்டாய். மோசமானால் நஞ்சு வெளியேறுகிறது, நன்றானால் மருந்து வேலை செய்கிறது, ஒன்றும் ஆகாவிட்டால் நோயாளி செய்த தப்பு. எந்த முடிவு வந்தாலும் தோற்காத மருந்தை நான் நம்பமாட்டேன்; அதை விற்பவரை இன்னும் நம்பமாட்டேன். ரோசேசியாவே ஏறி இறங்குகிற நோய். ஏறிய நேரத்தில்தான் எல்லோரும் மருந்து தேடுவார்கள். எதைப் பூசினாலும் அடுத்து வருவது பெரும்பாலும் இறக்கம்தான்.

பக்கவிளைவு இல்லை என்ற வாசகத்துக்குச் சித்த மருத்துவத்தைச் சாட்சிக்கு அழைப்பதுதான் எனக்கு அதிகம் கோபம் மூட்டுவது. அந்த மரபு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சேராங்கொட்டையைக் கையில் எடுப்பதற்கு முன் அதற்குச் சுத்தி, அதாவது நஞ்சு நீக்கும் முறை, என்ன என்று கேட்பது சித்த மருத்துவத்தின் பாலபாடம். சுத்தி செய்யாத சேராங்கொட்டைப் பால் பட்ட இடம் புண்ணாகிவிடும். சுத்தி, அளவு, அனுபானம், பத்தியம் என்று இவ்வளவு கட்டுப்பாடுகளை எதற்கு வைத்தார்கள்? மூலிகை கெடுதலும் செய்யும் என்று தெரிந்ததால்தான். கற்றாழையையே பாருங்கள். தோலைச் சீவியதும் வடியும் மஞ்சள் பால் போக, உள்ளேயிருக்கும் சோற்றை ஏழு தண்ணீர் விட்டு அலச வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். மாடியில் தொட்டியில் வளர்த்து, ஒடித்து, அப்படியே கன்னத்தில் தேய்க்கும் வழக்கம் அவர்களுடையதில்லை. முகச்சிவப்புக்காரர்களுக்கு அந்த மஞ்சள் பால் தீயாய் எரியும்.

எலுமிச்சையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. அது அமிலம், ரோசேசியாத் தோலின் மேல்பூச்சு ஏற்கெனவே பழுதுபட்டது. சமையல் சோடா எதிர்த்திசையில் அதே வேலையைச் செய்யும். கற்பூரம், புதினா, நீலகிரித் தைலம் மூன்றும் சில்லென்று இருக்கும், மூன்றும் இயற்கை. முகச்சிவப்பு உள்ளவர்கள் தொடக் கூடாது என்று தோல் மருத்துவர்கள் எழுதித் தரும் பட்டியலில் மூன்றும் உண்டு. தயிரும் வெள்ளரிக்காயும் சும்மா குளிர்ச்சிக்காக இதம் தரும். குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியும் அதே இதத்தைத் தரும், காசில்லாமல்.

இன்னும் ஆழமான ஆபத்தும் இருக்கிறது. சென்னையிலுள்ள சிறுநீரக நோய்க்கூறு ஆய்வு மையம் ஒன்றின் மருத்துவர்கள் 2022இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறுநீரக வடிகட்டியைப் பாதிக்கும் ஒரு குறிப்பிட்ட வகை நோய் கண்ட 91 பேரில் 29 பேர் பாரம்பரிய மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அந்த மருந்துகளில் பாதரசம். மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே அதே வகை நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். அங்கேயும் குற்றவாளி பாதரசம். உடனே ஒரு பதில் வரும்: முறையாகச் சுத்தி செய்த பாதரசம் வேறு, சந்தைச் சரக்கு வேறு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ராசப்ப செட்டித் தெருவிலிருந்து சில்லறைக்கு வந்து, லேபிள் இல்லாத டப்பாவில் 'மூலிகை நைட் கிரீம்' என்று கைமாறும்போது, உள்ளே இருப்பது எது என்று வாங்குகிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அதில் ஸ்டீராய்டே கலந்திருந்தால்? எந்தப் பூச்சிலிருந்து தப்பி ஓடினாளோ அதே பூச்சைப் பச்சை மூடி போட்ட டப்பாவில் இரண்டு மடங்கு விலைக்கு வாங்குகிறாள்.

இயற்கைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து வந்ததுதான் ஐவர்மெக்டின். அதன் 1 சதவீத கிரீம் 2014 முதல் அமெரிக்காவில் ரோசேசியாவுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்து. முகத்தில் வாழும் டெமோடெக்ஸ் பூச்சியைக் குறைத்து அழற்சியையும் அடக்குகிறது. அசெலாயிக் அமிலம் கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற பொருள், நம் தோலிலேயே வாழும் ஒரு பூஞ்சையும் அதை உண்டாக்குகிறது. கட்டிகளுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினின் பூர்வீகமும் மண்ணில் வாழும் நுண்ணுயிரிதான். இவையெல்லாம் ஏன் 'இயற்கை' ஆகவில்லை? ட்யூபில் வருவதாலா? சோதித்துப் பார்த்ததாலா? ஐவர்மெக்டினுக்கு 2015இல் நோபல் பரிசு கொடுத்தபோது, அதே மேடையில் பாதிப் பரிசு பெற்றவர் சீனப் பழைய மருத்துவ நூலைப் புரட்டி மலேரியாவுக்கு மருந்து கண்டெடுத்த தூ யூயூ. ஏட்டில் இருந்ததை அவர் அப்படியே விற்கவில்லை. சாற்றைப் பிரித்து, எலியில் பார்த்து, தானே விழுங்கிப் பார்த்து, பிறகுதான் நோயாளிக்குக் கொடுத்தார். அதிமதுரத்துக்கும் மஞ்சளுக்கும் அந்த மரியாதையைச் செய்ய நமக்கு யார் தடை? தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அதன் வேலையை நலங்கு மாவு வியாபாரிகளின் கையில் கொடுத்துவிட்டோம்.

இந்தப் பக்கம் இவ்வளவு திட்டிவிட்டு, அந்தப் பக்கத்தை விட்டுவிட்டால் நேர்மையாகாது.

தோல் மருத்துவம் சொல்லும் உண்மையான 'மருந்தில்லா வைத்தியம்' ஒன்று உண்டு: தூண்டுவதைத் தவிர். அமெரிக்காவின் தேசிய ரோசேசியா சங்கம் 1,066 நோயாளிகளிடம் கேட்டபோது 81 சதவீதம் பேர் வெயில் என்றார்கள், 79 சதவீதம் பேர் மன உளைச்சல் என்றார்கள், 75 சதவீதம் பேர் வெப்பமான பருவம் என்றார்கள். காரச் சாப்பாடு 45 சதவீதம்தான். நம்மூரில் வரிசை தலைகீழாகிவிடுகிறது: முதலில் மீன் குழம்பை நிறுத்து, நண்டைத் தொடாதே, டீயை விடு. சூடான பானத்தைப் பற்றி 1981இலேயே ஒரு சோதனை நடந்துவிட்டது. முகம் சிவப்பவர்களுக்கு 60 டிகிரி காபி கொடுத்தார்கள், சிவந்தது. 60 டிகிரி வெந்நீர் கொடுத்தார்கள், சிவந்தது. ஆறிய காபி கொடுத்தார்கள், சிவக்கவில்லை. குற்றம் சூட்டுக்குரியது. 2018இல் அமெரிக்கச் செவிலியர் 82,737 பேரின் தகவலை வைத்து வந்த ஆய்வில், காபி குடிப்பவர்களுக்கு ரோசேசியா குறைவாகவே இருந்தது. காசிமேட்டில் விடிகாலை ஏலத்துக்கு வந்தவர் டீயைக் கொஞ்சம் ஆற்றிக் குடித்தால் போதும். மீனையும் அவர் விட வேண்டியதில்லை, கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடாமல் இருந்தால் சரி.

வெயிலைத் தவிர் என்பதுதான் இந்தப் பகுதியில் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாத அறிவுரை. அன்னக்கூடையைத் தலையில் சுமந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம் உட்காரும் மீன்காரம்மா எங்கே போய்த் தவிர்ப்பார்? கன்டெய்னர் லாரியில் துறைமுக வாசலுக்கு வெளியே மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் டிரைவர்? ஃபவுண்டரியில் உலை முன்னால் நிற்பவர்? வெல்டிங் செய்பவர்? காலை பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை வீட்டுக்குள் இருங்கள் என்று அச்சடித்த தாளை இவர்களிடம் நீட்டும் மருத்துவரும், கற்றாழை தடவச் சொல்லும் அக்காவும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: இருவருமே பிரச்சினையை அந்த ஆளின் முகத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அறிவிப்பின்படி வெயிலில் செத்தால் நிவாரணம் உண்டு. வெயிலில் உட்கார்ந்து மீன் விற்பவருக்கு மேலே ஒரு தகரக் கூரை கிடைக்குமா என்பது இன்னும் வார்டு அளவில் மனுப் போட்டுக் கெஞ்சும் விஷயமாகவே இருக்கிறது.

எண்ணூரில் இது இன்னும் அப்பட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சேர்ந்து கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் பரவியபோது, அதைக் குவளையாலும் வாளியாலும் அள்ளியவர்கள் மீனவர்கள். பலருக்குக் கையுறைகூட இல்லை. தோல் அரிப்பும் கண் எரிச்சலும் வந்தன. அந்த மாதமே 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரியில் வீட்டைவிட்டு ஓடினார்கள். எண்ணெயாலோ அமோனியாவாலோ ரோசேசியா வருகிறது என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் கிடையாது, வேறு தோல் அழற்சிக்கு உண்டு. நான் சொல்வது வேறு. இந்த ஊரில் முகம் எரிகிறது என்று ஒருவர் சொன்னால், கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எங்கே வேலை, எதைத் தொட்டீங்க' என்பது. 'சூடு' என்று முத்திரை குத்திச் சந்தனத்தை நீட்டினால் அந்தக் கேள்வியே எழாமல் போகிறது. அதில் யாருக்கு லாபம் என்று எண்ணூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தாமதம் சும்மா போவதுமில்லை. மூக்கையும் கன்னத்தையும் பிடித்து வரும் சிவப்பு லூபஸ் என்ற நோயாகவும் இருக்கலாம். இளம்பெண்ணுக்கு வெயில் பட்டால் அந்தச் சிவப்பு ஏறி, கூடவே மூட்டு வலி, முடி உதிர்வு, வாய்ப்புண் என்று இருந்தால் உடனே பார்க்க வேண்டியது சிறுநீரகத்தை. முகம் தடித்துப் பளபளத்து, காது மடல் வீங்கினால் தொழுநோயாக இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், சீக்கிரம் கண்டால் முழுதும் குணமாகும். ஒரு பக்கம் மட்டும் எரிந்து கொப்புளம் போட்டால் அது அக்கி. காவி கரைத்து அக்கி எழுதிவிட்டு வந்தால் மனசுக்கு ஆறுதல், ஆனால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வந்த அக்கி கண்ணைக் கெடுக்கும், அதற்கான மாத்திரையைக் கூடிய மட்டும் மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும். ரோசேசியாவிலேயே கண் பாதித்தவர்கள் இமை எரிச்சலுக்குப் பன்னீர் விட்டுக்கொண்டு வருடக்கணக்கில் கழிக்கிறார்கள். இத்தனைக்கும் பார்வையில் சிவப்பு ஒன்றுதான். வீட்டு வைத்தியத்தால் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. அது அதன் குற்றமும் இல்லை.

பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் தோல் பிரிவு இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். போகிறவர்கள் அன்றைக்கு முகத்தில் பவுடரும் மஞ்சளும் போடாமல் போவது நல்லது, தோலின் நிறம் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். என்ன வேலை, எவ்வளவு நேரம் வெயில், எப்போது எரிகிறது என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். இதுவரை பூசியதையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்: மெடிக்கல் ஷாப் ட்யூப், குளியல் பொடி, சவரத்துக்குப் பின் தடவுவது, அத்தை கொடுத்த பெயரில்லாத டப்பா. திட்டுவார்களோ என்று அந்த டப்பாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பெரும்பாலும் முதலில் நிறுத்த வேண்டியது அதுதான், அதையும் ஒரே நாளில் நிறுத்துவதா, படிப்படியாகவா என்று உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அவர்கள் சொல்ல முடியும்.